'ஹாய் எஸ்' என்று மெயில் வருவது ஏன்? எக்ஸெலில் ஒரே செல்லைப் பல நெடுவரிசைகளாகப் பிரிக்கும்போது நடப்பது என்ன?

'ஹாய் எஸ்', 'டியர் கே' என்று தொடங்கும் மெயில், இனிஷியலோடு பெயர் எழுதுகிற நம்மில் பலருக்கும் வந்திருக்கும். 'எஸ்' என்பது உங்கள் அப்பா பெயரின் முதல் எழுத்து. அனுப்பியவர்களுக்கு அது தெரியாது. அவர்களிடம் இருந்தது ஒரு எக்ஸெல் ஷீட். அதில் 'எஸ் லட்சுமி' என்று ஒரே செல்லில் இருந்த பெயரை, இடைவெளி வருகிற இடத்தில் இரண்டாக வெட்டியிருக்கிறார்கள். முதல் துண்டுதான் பெயர் என்று எடுத்துக்கொண்டு மெயிலும் அனுப்பியாகிவிட்டது.

இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம்தான். ஆனால் அதே ஷீட்டில் பேங்க் அக்கவுண்ட் நம்பரும் இருந்து, அதையும் இதே மாதிரி வெட்டியிருந்தால்? ஆபீஸில் ஹெச்.ஆர். வேலை பார்ப்பவர், கல்லூரி விழாவுக்கு ரெஜிஸ்ட்ரேஷன் வாங்குபவர், அபார்ட்மென்ட் சங்கத்தின் பொருளாளர் என எல்லோர் கைக்கும் இப்படி ஒரு ஷீட் வரத்தான் செய்கிறது. பிரிப்பது இரண்டு நிமிட வேலை. எங்கே சத்தமில்லாமல் தப்பாகும் என்று தெரிந்துவைத்துக்கொள்வதுதான் முக்கியம்.

(இங்கே மெனு, ஃபங்ஷன் பெயர்களைத் தமிழில் எழுதியிருக்கிறோம். ஷீட்டில் அவை ஆங்கிலத்தில்தான் இருக்கும். டைப் செய்யும்போதும் ஆங்கிலத்தில்தான் கொடுக்க வேண்டும்.)

அடிப்படை வழி இதுதான்

உதாரணத்துக்கு, ஏ நெடுவரிசையில் இப்படி மூன்று வரிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

ஆர். முருகன், 12/5, பிள்ளையார் கோயில் தெரு, மதுரை, 625001
எஸ் லட்சுமி, 8, 2வது மாடி, பாரதி தெரு, திருச்சி, 620001
கோ. செல்வி, 3/4, நாகர்கோவில், 629001

பார்க்க ஒரே மாதிரி இருக்கின்றன. உண்மையில் மூன்றும் மூன்று விதம். அதை அப்புறம் பார்ப்போம்.

எக்ஸெலில் ஏ நெடுவரிசையை செலக்ட் செய்து, மேலே 'டேட்டா' டேபில் இருக்கும் 'டெக்ஸ்ட் டு காலம்ஸ்' பட்டனை அழுத்துங்கள். கீபோர்டு பிரியர்கள் ஆல்ட், ஏ, இ என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டலாம். மூன்று படிகள் கொண்ட ஒரு விண்டோ திறக்கும். முதல் படியில் 'டீலிமிட்டட்' என்பதைத் தேர்வு செய்தால், கமா, இடைவெளி, டேப் மாதிரி ஒரு குறி வரும் இடத்திலெல்லாம் வெட்டும். 'ஃபிக்ஸட் விட்த்' என்றால் இத்தனையாவது எழுத்தில் வெட்டு என்று அர்த்தம். நமக்கு முதலாவது. இரண்டாவது படியில் எந்தக் குறி என்று கேட்கும். கமாவை டிக் செய்யுங்கள். வெட்டினால் எப்படி இருக்கும் என்று கீழேயே காட்டிவிடும்.

இங்கே பெரும்பாலானோர் 'ஃபினிஷ்' அழுத்திவிடுகிறார்கள். மூன்றாவது படியைப் பார்ப்பதே இல்லை. சொதப்பல்கள் பாதிக்கு மேல் அந்தப் படியில்தான் ஒளிந்திருக்கின்றன.

12/5 எப்படி மே மாதம் ஆனது?

மூன்றாவது படியில் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் 'ஜெனரல்', 'டெக்ஸ்ட்', 'டேட்', 'டு நாட் இம்போர்ட்' என்று நான்கு தேர்வுகள் இருக்கும். நாம் எதையும் தொடாவிட்டால் எல்லாமே ஜெனரல். ஜெனரல் என்றால், "இது என்னவாக இருக்கும் என்று நீயே யோசித்துக்கொள்" என்று எக்ஸெலிடம் விட்டுவிடுவது.

எக்ஸெல் யோசிக்கும். 12/5 என்ற கதவு எண்ணைப் பார்த்ததும் அது மே 12 என்று முடிவு கட்டிவிடும். உங்கள் கம்ப்யூட்டர் அமெரிக்கத் தேதி முறையில் இருந்தால் டிசம்பர் 5. முருகன் வீட்டுக்குப் போக வேண்டிய கூரியர் '12-மே, பிள்ளையார் கோயில் தெரு' என்று கிளம்பும். செல்வியின் 3/4 ஏப்ரல் 3 ஆகிவிடும்.

சரி, அப்புறமாக அந்த செல்லை 'டெக்ஸ்ட்' ஆக மாற்றிவிடலாமே? மாற்றிப் பாருங்கள், 12/5 திரும்பி வராது. ஐந்து இலக்க நம்பர் ஒன்று வரும். எக்ஸெல் தேதியைத் தேதியாகச் சேமிப்பதில்லை. 1900 ஜனவரி 1-ஐ ஒன்று என வைத்து எண்ணிக்கொண்டு போகிறது. 2025 மே 12 அதன் கணக்கில் 45789. கதவு எண் போயே போச்சு.

'லூசு சாஃப்ட்வேர்' என்று திட்டத் தோன்றும். உங்களுக்கு முன்னால் திட்டியவர்கள் மரபணு விஞ்ஞானிகள். மனித மரபணுக்களில் சிலவற்றுக்கு 'மார்ச்1', 'செப்ட்1' என்று குறியீடுகள் இருந்தன. எக்ஸெலில் போட்டால் மார்ச் 1, செப்டம்பர் 1 என்று தேதியாக மாறிவிடும். மரபணுப் பட்டியல்களை எக்ஸெல் கோப்பாக இணைத்திருந்த ஆய்வுக் கட்டுரைகளில் சுமார் ஐந்தில் ஒன்றில் இந்த மாதிரிப் பிழைகள் இருப்பதாக 2016-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கணக்கெடுத்துச் சொன்னார்கள். கடைசியில் 2020-ல், மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் சர்வதேசக் குழு 'மார்ச்1' என்பதை 'மார்ச்எஃப்1' என்றும், 'செப்ட்1' என்பதை 'செப்டின்1' என்றும் மாற்றிவிட்டது. சாஃப்ட்வேர் மாறவில்லை, மரபணுவின் பெயர் மாறியது!

மைக்ரோசாஃப்ட் இறங்கி வந்தது 2023 அக்டோபரில். இப்போது மைக்ரோசாஃப்ட் 365-ல் 'ஃபைல்', 'ஆப்ஷன்ஸ்', 'டேட்டா' என்று போனால் சில தானியங்கி மாற்றங்களை நிறுத்திவைக்கும் தேர்வுகள் இருக்கின்றன. ஆனால் 12/5 மாதிரிக் கதவு எண்ணுக்கு எந்த வெர்ஷனாக இருந்தாலும் அந்த மூன்றாவது படிதான் கதி. கதவு எண் நெடுவரிசையை கிளிக் செய்து 'டெக்ஸ்ட்' என்று மாற்றுங்கள். இரண்டு கிளிக். அவ்வளவுதான்.

அக்கவுண்ட் நம்பரில் கடைசி இலக்கம் காணவில்லை

கதவு எண் போனால் கூரியர்தான் திரும்பி வரும். அக்கவுண்ட் நம்பரில் விஷயம் வேறு.

எக்ஸெல் ஒரு எண்ணில் 15 இலக்கங்களைத்தான் சரியாக வைத்துக்கொள்ளும். 16-வது இலக்கம் என்னவாக இருந்தாலும் ஜீரோ ஆகிவிடும். நம் ஊரில் ஒவ்வொரு வங்கியும் ஒவ்வொரு நீளத்தில் கணக்கு எண் கொடுக்கிறது. 16 இலக்கம் கொடுப்பவையும் உண்டு. 7-ல் முடியும் 16 இலக்க எண்ணை ஜெனரலில் பிரித்தால் 0-வில் முடியும். இன்னொரு பக்கம், ஜீரோவில் தொடங்கும் கணக்கு எண் என்றால் அந்த ஜீரோவே இருக்காது. எக்ஸெலைப் பொறுத்தவரை முன்னால் இருக்கும் ஜீரோவுக்கு மதிப்பில்லை. வங்கியைப் பொறுத்தவரை அதுவும் நம்பரின் பகுதி.

கொடுமை என்னவென்றால் கண்ணுக்கு ஒன்றும் தப்பாகத் தெரியாது. 12 இலக்கம் அல்லது அதற்கு மேல் போனால் எக்ஸெல் அதைச் சுருக்கி, நடுவில் 'இ' போட்டு, அறிவியல் குறியீட்டில் காட்டும். நாம் ஃபார்மட்டை 'நம்பர்' என்று மாற்றுவோம். முழு எண் வந்துவிட்டது என்று நிம்மதியாகிவிடுவோம். 12 இலக்க ஆதார் எண்ணுக்கு உண்மையிலேயே முழுதாக வந்துவிடும். 16 இலக்கக் கணக்கு எண்ணுக்கு வராது. கடைசி இலக்கம் ஏற்கெனவே போய்விட்டது.

பெயர் பொருந்தாவிட்டால் வங்கி பணத்தைத் திருப்பிவிடாதா? நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் முறைகளில் கணக்கு எண்ணை மட்டும் வைத்தே வரவு வைக்கும் நடைமுறை பல வருடங்களாக இருக்கிறது. பணம் அனுப்புவதற்கு முன்பே பெறுபவரின் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் கொண்டுவர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2024 டிசம்பரில்தான் வங்கிகளுக்குச் சொன்னது. ஆகவே கணக்கு எண் இருக்கும் நெடுவரிசை எதுவாக இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு 'டெக்ஸ்ட்' என்று வையுங்கள். கணக்கு எண்ணை வைத்து யாரும் கூட்டல் கழித்தல் செய்யப்போவதில்லை.

ஐஎஃப்எஸ்சி கோடு சேர்ந்தே இருந்தால் அது ஒருவகையில் நல்லது. அது எப்போதும் 11 எழுத்துதான்: முதல் நான்கு வங்கியின் குறியீடு, ஐந்தாவது ஜீரோ, கடைசி ஆறு கிளையின் குறியீடு. பிரித்து முடித்ததும் 'லென்' ஃபங்ஷன் போட்டு எல்லா வரியிலும் 11 வருகிறதா என்று பாருங்கள். வராத வரி எதுவோ அங்கே வெட்டு தப்பு. ஐந்தாவது இடத்தில் ஜீரோவுக்குப் பதில் ஆங்கில 'ஓ' டைப் செய்பவர்களும் நிறையப் பேர். அதை 'லென்' கண்டுபிடிக்காது, தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு கமா கூடினால் எல்லாமே நகரும்

மேலே இருக்கும் மூன்று வரிகளுக்கு இப்போது திரும்புவோம். முருகன் வரியில் நான்கு கமா. லட்சுமி மாடியையும் எழுதியிருப்பதால் ஐந்து. செல்வி தெருப் பெயர் எழுதவில்லை, மூன்றுதான். கமாவில் வெட்டினால் முருகனின் பின்கோடு ஐந்தாவது நெடுவரிசையில் இருக்கும். லட்சுமிக்கு அதே இடத்தில் திருச்சி இருக்கும். செல்விக்கு ஊர் இருக்க வேண்டிய நான்காவது இடத்தில் 629001 உட்கார்ந்திருக்கும்.

மூன்று வரி என்றால் கண்ணால் பார்த்துத் திருத்திவிடலாம். எண்ணூறு வரி என்றால்? அதனால் வெட்டுவதற்கு முன்னாலேயே கமாக்களை எண்ணிவிடுவது புத்திசாலித்தனம். 'லென்' ஃபங்ஷனில் செல்லின் முழு நீளத்தை எடுங்கள். 'சப்ஸ்டிட்யூட்' ஃபங்ஷனால் கமாக்களை நீக்கிவிட்டு வரும் நீளத்தை அதிலிருந்து கழியுங்கள். மிச்சம் வருவது கமாக்களின் எண்ணிக்கை. ஃபில்டர் போட்டு, நான்கு வராத வரிகளை மட்டும் தனியாக எடுத்துத் திருத்துங்கள். எங்கள் டெஸ்க்கில் தேர்தல் வேட்பாளர் பட்டியல், தேர்வு மையப் பட்டியல் என்று எது வந்தாலும் முதல் வேலை இதுதான்.

'டெக்ஸ்ட் டு காலம்ஸ்' வலது பக்கத்தில் இருப்பதன் மேல் எழுதிவிடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏ-வைப் பிரித்தால் பி, சி, டி எல்லாம் நிரம்பும். அங்கே ஏற்கெனவே ஏதாவது இருந்தால், மாற்றிவிடவா என்று ஒரு கேள்வி வரும். அவசரத்தில் ஓகே கொடுத்துவிட்டால் பழையது அழிந்துவிடும். மூன்றாவது படியிலேயே இருக்கும் 'டெஸ்டினேஷன்' பெட்டியில் காலியான ஓர் இடத்தைக் கொடுங்கள். மூல நெடுவரிசையும் பத்திரமாக இருக்கும்.

இன்னொரு விசித்திரம். ஒருமுறை கமாவில் பிரித்துவிட்டால், எக்ஸெலை மூடும்வரை அது ஞாபகம் வைத்திருக்கும். அதன்பிறகு வேறு எங்கிருந்தோ எதையாவது காப்பி செய்து பேஸ்ட் செய்தால், கேட்காமலேயே கமாவில் வெட்டிப் போடும். பேய் எதுவும் இல்லை. எக்ஸெலை மூடித் திறங்கள்.

கூகுள் ஷீட்ஸில்...

இங்கேயும் 'டேட்டா' மெனுவில் 'ஸ்பிளிட் டெக்ஸ்ட் டு காலம்ஸ்' இருக்கிறது. ஆனால் பலரும் பயன்படுத்துவது 'ஸ்பிளிட்' ஃபங்ஷன். அதில் இரண்டு பொறிகள்.

ஒன்று, கமாவும் இடைவெளியும் சேர்ந்து வரும் இடத்தில் வெட்டட்டும் என்று நினைத்து இரண்டையும் சேர்த்துக் கொடுப்போம். அதுவோ கமா வந்தாலும் வெட்டும், தனியாக இடைவெளி வந்தாலும் வெட்டும். 'பிள்ளையார் கோயில் தெரு' மூன்று துண்டாகிவிடும். ஃபங்ஷனின் மூன்றாவது இடத்தில் 'ஃபால்ஸ்' என்று கொடுத்தால்தான் இரண்டையும் சேர்த்து ஒரே குறியாக எடுத்துக்கொள்ளும்.

இரண்டாவது இன்னும் மோசம். யாராவது தெருவை காலியாக விட்டு அடுத்தடுத்து இரண்டு கமா போட்டிருந்தால், அந்தக் காலி இடத்தை 'ஸ்பிளிட்' தூக்கிப் போட்டுவிடும். மீதி எல்லாம் ஒரு இடம் இடது பக்கம் நகரும். நான்காவது இடத்தில் 'ஃபால்ஸ்' கொடுத்தால் காலி இடம் காலியாகவே இருக்கும். எக்ஸெலில் 'ட்ரீட் கான்செகியூட்டிவ் டீலிமிட்டர்ஸ் ஆஸ் ஒன்' என்று ஒரு டிக் பாக்ஸ் இருக்கிறதே, அதைப் போட்டாலும் இதே கதைதான். இடைவெளியில் வெட்டும்போது அது உதவும். கமாவில் வெட்டும்போது போடாதீர்கள்.

கூகுள் ஃபார்மில் 'செக்பாக்ஸ்' கேள்வி வைத்தவர்களுக்கும் இது தேவைப்படும். ஒருவர் டிக் செய்த பதில்கள் எல்லாம் கமா போட்டு ஒரே செல்லில் வந்து விழும். ஃபார்ம் தயாரிக்கும்போதே, கொடுக்கும் ஆப்ஷன்களுக்குள் கமா இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 'இட்லி, வடை' என்று ஓர் ஆப்ஷன் வைத்தால், பிரிக்கும்போது இட்லி தனி, வடை தனி.

இனிஷியலை என்ன செய்வது?

'ஃபர்ஸ்ட் நேம்', 'லாஸ்ட் நேம்' என்று கேட்கும் ஃபார்ம்கள் நம்மை மனதில் வைத்து வந்தவை இல்லை. குடும்பப் பெயர் இருக்கும் ஊர்களுக்கு அது சரி. இங்கே 'ஆர். முருகன்', 'முருகன் ஆர்', 'ஆர்.முருகன்', 'எஸ்.கே. முருகன்' எல்லாம் ஒரே ஷீட்டில் வரும். இடைவெளியில் வெட்டினால் முதலாவதில் இனிஷியல் முன்னால், இரண்டாவதில் பின்னால், மூன்றாவது வெட்டுப்படவே படாது.

இதற்கு ஒரே ஃபார்முலா கிடையாது என்பதை ஒப்புக்கொள்வது நல்லது. ஓரளவு வேலைக்கு ஆகிற வழி, பிரித்த துண்டுகளில் எது நீளமோ அதைப் பெயராக வைத்துக்கொள்வது. ஆனால் 'முத்து லட்சுமி' என்று இரண்டு சொல்லாக எழுதுபவர்கள் அங்கே மாட்டிக்கொள்வார்கள். என்னைக் கேட்டால், மெயில் அனுப்பத்தான் பெயர் தேவை என்றால் பிரிக்கவே வேண்டாம். 'அன்புள்ள எஸ் லட்சுமி' என்று முழுப் பெயரையும் போடுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பெயர்கள் தமிழ் எழுத்திலேயே இருந்தால் இன்னொரு சிக்கல் உண்டு. 'முருகன்' நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. எக்ஸெலுக்கு ஏழு. 'மு' என்பதை 'ம' ஒன்று, உகரக் குறி ஒன்று என்று இரண்டாக எண்ணும். புள்ளி வைத்த 'ன்' இரண்டு. அதனால் 'லெஃப்ட்' ஃபங்ஷனில் முதல் ஓர் எழுத்தை எடு என்றால் 'கோ. செல்வி' என்பதிலிருந்து 'க' மட்டும்தான் வரும். கோபால் மகள் செல்வி, கண்ணன் மகள் செல்வி ஆகிவிடலாம்! சரி, இரண்டு எடு என்று சொல்லலாமா என்றால் அதற்கும் உத்தரவாதமில்லை. சில பழைய கோப்புகளில் 'கோ' என்பது இரட்டைக் கொம்பு, துணைக்கால் என்று தனித்தனிக் குறிகளாகச் சேமிக்கப்பட்டிருக்கும். அப்போது அது மூன்று. தமிழில் எத்தனையாவது எழுத்து என்று எண்ணி வெட்டாதீர்கள். புள்ளி, இடைவெளி, கமா என்று ஏதாவது ஒரு குறியைப் பிடித்து வெட்டுங்கள்.

கன்ட்ரோல் + இ

2013 எக்ஸெலில் வந்த 'ஃப்ளாஷ் ஃபில்' இன்னும் பலருக்குத் தெரியாது. பக்கத்து நெடுவரிசையில் முதல் வரிக்கு மட்டும் 'முருகன்' என்று நீங்களே டைப் செய்யுங்கள். அடுத்த செல்லுக்கு வந்து கன்ட்ரோலும் இ-யும் அழுத்துங்கள். என்ன செய்ய நினைக்கிறீர்கள் என்று புரிந்துகொண்டு மீதியை அதுவே நிரப்பும்.

இதன் பின்னால் இருப்பவர் ஐஐடி கான்பூரில் படித்த சுமித் குல்வானி. மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவில் வேலை பார்ப்பவர். விமானத்தில் பக்கத்து சீட்டில் இருந்த பெண் ஒருவர் எக்ஸெலில் ஒரு சின்ன வேலைக்கு உதவி கேட்க, கம்ப்யூட்டர் சயின்ஸில் டாக்டர் பட்டம் வாங்கியவருக்கே உடனே பதில் சொல்ல முடியவில்லை. அந்த உறுத்தலில் பிறந்ததுதான் இது.

நல்ல வசதிதான். ஆனால் அது ஊகம், ஃபார்முலா இல்லை. மூலத்தைத் திருத்தினால் இது தானாக மாறாது. ஒரே மாதிரி இல்லாத வரிகளில் தன்னம்பிக்கையோடு தப்பாக நிரப்பும். மேலிருந்து கீழே ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் அனுப்பாதீர்கள்.

மைக்ரோசாஃப்ட் 365 இருந்தால் 2022-ல் வந்த 'டெக்ஸ்ட்ஸ்பிளிட்', 'டெக்ஸ்ட்பிஃபோர்', 'டெக்ஸ்ட்ஆஃப்டர்' ஃபங்ஷன்கள் இருக்கும். இதில் எனக்குப் பிடித்தது 'டெக்ஸ்ட்ஆஃப்டர்'. எத்தனையாவது கமாவுக்குப் பின் என்று கேட்கும் இடத்தில் மைனஸ் 1 கொடுத்தால் கடைசி கமாவுக்குப் பின்னால் இருப்பதை எடுத்துத் தரும். முருகன், லட்சுமி, செல்வி மூவரின் பின்கோடும், நடுவில் எத்தனை கமா இருந்தாலும், ஒரே நெடுவரிசையில் வந்து நிற்கும். பழைய வெர்ஷன் என்றால் 'ரைட்' ஃபங்ஷனில் கடைசி 6 எழுத்தை எடுக்கலாம். '625 001' என்று நடுவில் இடைவெளி விட்டு எழுதியவர்களை மட்டும் முதலில் சரிசெய்துவிடுங்கள். மாதாமாதம் இதே வடிவில் ஷீட் வருகிறது என்றால் எக்ஸெல் 2016 முதல் உள்ளேயே இருக்கும் பவர் குவெரியைக் கற்றுக்கொள்ளுங்கள். ஒருமுறை சொல்லிக் கொடுத்துவிட்டால் அடுத்த மாதம் 'ரெஃப்ரெஷ்' மட்டும்தான்.

போனில் செய்ய முடியுமா?

பஸ்ஸில் போகும்போது மேனேஜர் ஷீட் அனுப்பி "கொஞ்சம் பிரிச்சு அனுப்புப்பா" என்றால், போன் ஆப்பில் அந்த மெனுவைத் தேடி அலைய வேண்டாம். கூகுள் ஷீட்ஸ் ஆப்பில் 'ஸ்பிளிட்' ஃபங்ஷனை செல்லில் நேரடியாக டைப் செய்தாலே வேலை முடியும். ஒரே ஒரு விஷயம்: 'ஸ்பிளிட்' எண்களை எண்ணாகவே எடுத்துக்கொள்ளும் என்பதால் முன்னால் இருக்கும் ஜீரோ போய்விடும். அக்கவுண்ட் நம்பர் இருக்கும் ஷீட் என்றால் லேப்டாப் கிடைக்கும்வரை காத்திருக்கச் சொல்லிவிடுங்கள்.